எடையும் அதன் இடமும்: நெடும்பயணப் பாய்ப்படகை அறிதல்

பாய்ப்படகின் திறன் என்றால் அது எவ்வளவு விரைவாக ஓடும் என்பதும், கடல்தகுதி என்றால் அது எவ்வளவு பெரிய புயலைத் தாங்கும் என்பதும் தனித்தனிக் கேள்விகளாகவே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. ஆனால் பல வாரங்களுக்கு வேண்டிய நீரையும் உணவையும் கருவிகளையும் சுமந்துகொண்டு, கரையின் உதவி எட்டாத கடலில், இரண்டு மூன்று பேரின் உழைப்பை மட்டும் நம்பி ஓட வேண்டிய நெடும்பயணப் பாய்ப்படகில் இவ்விரு கேள்விகளும் ஒன்றில் போய் முடிகின்றன: படகின் மொத்த எடை எவ்வளவு, அந்த எடை எந்தெந்த இடத்தில் இருக்கிறது? பாய்த்துணியை வெட்டியும் தைத்தும் பழுதுபார்த்தும் வந்த தொழிலின் வழியே, அதாவது படகின் அடியிலிருந்து தொடங்காமல் அதன் உச்சியிலிருந்து கீழே இறங்கும் பாதையில், இந்த உண்மை புலப்பட்ட வகையை முறைப்படுத்திக் கூற இக்கட்டுரை முயல்கிறது.

அமராவதி ஆற்றங்கரையில், உடுமலைக்கும் பழனிக்கும் இடைப்பட்ட நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த, இக்கட்டுரையின் பின்புலமாகிய கொமரலிங்கத்துக்கும் கடலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் பாய்ப்படகின் மூலப்பொருள்களாகிய காற்றும் துணியும் இவ்வட்டாரத்தாருக்கு அன்றாடப் பழக்கமானவை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் நெருக்கப்பட்டு, மே முதல் செப்டம்பர் வரை இப்பகுதியில் ஓயாமல் வீசுகிறது. உடுமலை, பூளவாடி, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். பனியன் கம்பெனிகளில் துணியை வட்டமாக வெட்டி எடைபோட்டு ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவு) கணக்கிடவும், துவைத்தபின் சுருக்கம் பார்க்கவும், இழுத்துவிட்டால் துணி பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று சோதிக்கவும் பழகிய கைகளுக்குப் பாய்த்துணியின் இயல்பு விரைவில் பிடிபடுகிறது. இக்கட்டுரையாளர் பின்னலாடைத் துணியிலிருந்து பாய்த்துணிக்கு மாறியதும் அந்தப் பழக்கத்தின் துணையோடுதான்.

பின்னல் துணி எல்லாத் திசையிலும் நெகிழ்ந்து கொடுப்பதையே தன் சிறப்பாகக் கொண்டது. பாய்த்துணியோ நெகிழவே கூடாதது. அதனால் பாய்கள் நெருக்கமாக நெய்து, வெப்பத்தால் இறுக்கி, பிசின் ஊட்டிய பாலியெஸ்டர் துணியால் தைக்கப்படுகின்றன. இத்துணி பாவு நூலின் வாட்டத்திலும் ஊடை நூலின் வாட்டத்திலும் இழுவையைத் தாங்கிக்கொள்ளும். மூலைவாட்டில் இழுத்தால் மட்டும், நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வதால், நெளியும். முக்கோணப் பாயில் விசை மூலையிலிருந்து மூலைக்கு ஓடுவதால், துணித் துண்டுகளின் நூல்வாட்டம் அவ்விசை செல்லும் வழியோடு ஒத்துப்போகும்படி வெட்டி இணைப்பதே பாய் தைப்பவரின் முதன்மையான வேலை. வெயிலும் உழைப்பும் சேர்ந்து பிசின் உடைந்து துணி தளர்ந்துவிட்டால், பாயின் வயிறு ஆழமாகிப் பின்னோக்கி நகர்கிறது. அப்போது காற்றின் விசையில் படகை முன்னே இழுக்கும் பங்கு குறைந்து பக்கவாட்டில் சாய்க்கும் பங்கு கூடுகிறது. படகோட்டி இதைப் படகின் குறையாக எண்ணிக்கொள்கிறார். கிழிந்த பாய்களைப் பழுதுபார்க்கும் மேசையில் தெரிவது வேறு: வெப்பமண்டல வெயிலில் துணிக்கு முன்பாகத் தையல் நூலே இற்றுப்போகிறது. ஆகவே துணி நன்றாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவது பாய் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

காற்றாலையின் இறக்கைகளிலிருந்து கிடைக்கும் ஆற்றல் காற்றின் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது என்பது இவ்வட்டாரத்தில் பலரும் அறிந்த செய்தி. பாயின்மேல் விழும் விசை வேகத்தின் இருபடியாக ஏறுகிறது. காற்று 10 நாட் வேகத்திலிருந்து 20 நாட் வேகத்துக்கு உயரும்போது (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்) அதே பாயின் விசை நான்கு மடங்காகிறது. இந்த விசையை எதிர்த்துப் படகை நிமிர்த்தி வைப்பது எடை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கிவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் ஓடும் சிறு படகுகளில், அல்லது டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் வகைப் படகில், ஓட்டுபவர் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துத் தம் எடையையே எதிர்ப்பாரமாக்குகிறார். நெடும்பயணப் படகில் அந்த வேலையைக் கீல் எனப்படும் அடித்துடுப்பில் வார்த்துப் பொருத்திய ஈயமோ இரும்போ செய்கிறது, இதுவே அடிப்பாரம். காற்று மிகும்போது பாயைச் சுருக்குவதும் அடிப்பாரமும் ஒரே சமன்பாட்டின் இரு பக்கங்கள் என்பதால், பாயின் பரப்பை மட்டும் சொல்லி ஒரு படகின் திறனை யாரும் மதிப்பிட முடியாது.

வேகத்துக்கு இயற்கை வகுத்த எல்லை ஒன்று உண்டு. நீரைப் பிளந்து செல்லும் படகு தன் நீளத்துக்கு ஏற்ற அலையை எழுப்பி அந்த அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால், நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைக்கும் நாட் அளவைத் தாண்டுவது கனமான படகுகளுக்கு மிகக் கடினம். நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் எல்லை 6.7 நாட், 36 அடி என்றால் ஏறத்தாழ 8 நாட். ஆனால் உலகைச் சுற்றும் பயணத்தில் இந்த எல்லையை எட்டுவதைவிட, அதற்குக் கீழே உள்ள ஒரு வேகத்தை நாள்தோறும் குறையாமல் காப்பாற்றுவதே பெரிது. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடி நீளச் சுஹைலியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரானபோது, சுமார் 30,000 மைலை 312 நாளில் கடந்தார்; சராசரி வேகம் 4 நாட் மட்டுமே. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டு 2013 மார்ச் 31 அன்று திரும்பிய பயணத்தில் ஓட்டிய மாதே 56 அடி நீளமுள்ளது. சுமார் 23,000 மைலுக்கு அதன் சராசரி 6 நாட்டைச் சற்றே தாண்டியது. நீளம் ஏறத்தாழ 24 அடி கூடியதால் சராசரியில் கிடைத்தது இரண்டு நாட்டுக்குச் சற்று மேல். அந்தச் சிறிய வேறுபாடும் குறைந்த தொலைவும் சேர்ந்து பயண நாட்களைப் பாதியாக்கின.

படகுகளை ஒப்பிட வடிவமைப்பாளர்கள் சில விகிதங்களைக் கையாளுகின்றனர். எடை-நீள விகிதம் என்பது, படகின் எடையைப் பழைய பிரிட்டிஷ் டன்னில் எடுத்து, நீர்மட்ட நீளத்தின் நூறில் ஒரு பங்கை அடியில் கணக்கிட்டு முப்படியாக்கி, அதனால் வகுப்பது. 200க்குக் கீழே வருபவை இலேசான படகுகள், 300க்கு மேல் வருபவை கனமானவை. பாய்-எடை விகிதம் என்பது, பாயின் பரப்பைப் படகு வெளியேற்றும் நீரின் கன அளவினது மூன்றில் இரண்டு அடுக்கால் வகுப்பது. நெடும்பயணப் படகுகளில் இது பெரும்பாலும் 14க்கும் 18க்கும் இடையே இருக்கும், பந்தயப் படகுகளில் 20ஐத் தாண்டும். இந்த எண்கள் படகு விற்பனைத் தாளில் அச்சாகி வரும்போது அவை வெறும் படகின் எண்களாகவே இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, 5,500 கிலோ எடையும், 55 சதுர மீட்டர் பாயும், 8.5 மீட்டர் நீர்மட்ட நீளமும், 3.4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு படகை எண்ணிக்கொள்ளலாம். தாளில் இதன் பாய்-எடை விகிதம் ஏறத்தாழ 17.9, எடை-நீள விகிதம் ஏறத்தாழ 250. நெடும்பயணத்துக்கு இதில் 400 லிட்டர் குடிநீர், 200 லிட்டர் டீசல், 10 மில்லிமீட்டர் தடிமனில் 60 மீட்டர் நங்கூரச் சங்கிலி, உணவு, கருவிப்பெட்டி, மாற்றுப் பாய்கள், மின்கலங்கள், சூரியத் தகடுகள், சிறு துணைப்படகு, உயிர்காப்புத் தெப்பம், மனிதர்கள் என்று ஏற்றினால் 1,500 கிலோ எளிதில் கூடிவிடும். அப்போது முதல் விகிதம் 15.3 ஆக இறங்குகிறது. இரண்டாவது 318 ஆக ஏறுகிறது. சுறுசுறுப்பான படகு என்று வாங்கியது மந்தமான கனப்படகாகக் கடலில் நிற்கிறது. மென்காற்றில் அது எஞ்சினை நாடும். எஞ்சினுக்காக டீசல் இன்னும் ஏறும். அதனால் எடை மேலும் கூடும். பாய் தைப்பவரிடம் பெரிய முன்பாய் கேட்டு வருபவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது பாய் அன்று. படகிலிருந்து சில மூட்டைகளை இறக்குவதே.

எடை கூடினால் வேகம் குறையும் என்பது எளிதில் விளங்கும். எடை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கைதான் ஆராயத் தக்கது. 1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டு, அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள கடலில் புயலில் சிக்கியபோது, போட்டியாளர்களில் 15 பேர் உயிரிழந்தனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றுள் ஐந்து மூழ்கின. அதன்பின் நடந்த ஆய்வுகளிலிருந்து எளிய வடிகட்டி வாய்பாடு ஒன்று பிறந்தது: படகின் அகலத்தை, அது வெளியேற்றும் நீரின் கன அளவினது கனமூலத்தால் வகுத்தால் விடை 2க்குக் கீழே இருக்க வேண்டும். அகலமும் இலேசும் சேர்ந்த படகு கவிழ்ந்தபின் தலைகீழாகவே நிலைத்துவிடும் அபாயத்தை இது சுட்டிக்காட்டுகிறது. மேற்சொன்ன படகின் விடை வெறுமையாக 1.94, சுமை ஏற்றியபின் 1.79. அதாவது 1,500 கிலோவையும் கூரைமேல் கட்டி வைத்தாலும் இந்த வாய்பாடு அந்தப் படகுக்கு முன்பைவிட நல்ல மதிப்பெண்ணே கொடுக்கும், ஏனெனில் எடை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள நிமிர்த்தும் நெம்பு என்ற கருத்துக்கு வர வேண்டும். படகு சாயும்போது அதன் எடை மையம் ஒரு கோட்டில் கீழே இழுக்கிறது. மிதப்பு விசையோ சாய்ந்த பக்கம் நகர்ந்த மற்றொரு கோட்டில் மேலே தள்ளுகிறது. இவ்விரு கோடுகளுக்கும் இடையேயுள்ள தொலைவே நிமிர்த்தும் நெம்பு. சாய்வு கூடக்கூட இது வளர்ந்து, உச்சத்தை எட்டி, பின் தேய்ந்து, ஒரு கோணத்தில் இல்லாமல் போகிறது; அக்கோணத்துக்கு அப்பால் படகு தானே நிமிராது. ஐஎஸ்ஓ 12217 தரவிதி, பெருங்கடல் வகையான 'ஏ' பிரிவுக்கு, அதாவது போஃபோர்ட் அளவில் 8ஐத் தாண்டிய காற்றும் 4 மீட்டரைத் தாண்டிய அலையும் எதிர்பார்க்கப்படும் கடலுக்கு, இக்கோணம் 130 பாகையிலிருந்து எடையின் ஒவ்வொரு டன்னுக்கும் 2 பாகை கழித்த அளவுக்குக் குறையக்கூடாது என்கிறது; 7 டன் படகுக்கு அது 116 பாகை. எடை மையம் உயர்ந்தால் இந்த வளைகோடு முழுவதும் தாழ்கிறது. எடை மையத்துக்கு 4 மீட்டர் மேலே 100 கிலோவை வைத்தால் 7 டன் படகின் எடை மையம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர் உயர்கிறது. படகு 90 பாகை சாய்ந்து கிடக்கும்போது நிமிர்த்தும் நெம்பு அதே அளவு குறைகிறது. பாய்மரம் நீரைத் தொட்டுக் கிடக்கும் அந்நிலையில் மிச்சமுள்ள நெம்பே சில பத்து சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்தால் இந்த இழப்பின் பொருள் விளங்கும்.

பாய் தொழிலிலிருந்து இதற்கு ஒரு நேர்ச் சான்று உண்டு. இன்று பெரும்பாலான நெடும்பயணப் படகுகளில் முன்பாயை அதன் கம்பியிலேயே சுருட்டி வைக்கும் கருவி பொருத்தப்படுகிறது. பழைய முறையில் கொக்கிகளில் மாட்டிய பாயை இறக்கினால் அதன் எடை தளத்துக்கு வந்துவிடும். சுருட்டிய பாயோ புயலிலும் உயரத்திலேயே நிற்கும், அதோடு காற்றுக்கும் முகம் கொடுக்கும். வசதிக்காக ஏற்றுக்கொள்ளத் தக்க விலைதான் இது, ஆனால் விலை இருக்கிறது என்று அறிந்து ஏற்க வேண்டும். ஆகவே பாய்மர உச்சியில் ஒவ்வொரு கிலோவையும் குறைப்பது பொதுவாக நல்லது. இதற்கு ஒரு விலக்கும் உண்டு. கனமான பாய்மரம் படகு திடீரெனச் சுழல்வதை எதிர்க்கிறது. ஒரு நொடிக்குள் மோதிச் செல்லும் உடையும் அலைக்கு எதிராக இந்தச் சுழல் மந்தம் பெரிய காப்பு. பாய்மரத்தை இழந்த படகு, எடை மையம் தாழ்ந்து நிலைத்தன்மை கூடியது போலத் தோன்றினாலும், அடுத்த அலையில் முன்னைவிட எளிதாக உருளும்.

அலையின் முன் எல்லாப் படகும் சிறியதே. சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரிப் படகுச் சோதனைகள், படகு நீளத்தின் 30 விழுக்காடு உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் மோதினால் சில படகுகள் கவிழலாம் என்றும், 60 விழுக்காடு உயரமானால் ஏறக்குறைய எல்லாப் படகும் கவிழும் என்றும் காட்டின. 32 அடிப் படகுக்கு இது 10 அடியும் 19 அடியும் ஆகும். 2018 செப்டம்பர் 21 அன்று, சுஹைலியின் வடிவில் கோவாவில் கட்டப்பட்ட துரியா, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உருண்டு பாய்மரங்களை இழந்தது. முதுகில் கடும் காயமடைந்த அபிலாஷ் டோமியைப் பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ஒசிரிஸ் மூன்று நாள் கழித்து மீட்டது. துரியா கனமான, அடிப்பாரம் நிறைந்த, தாங்கும் வடிவம் கொண்ட படகு. அது மூழ்கவில்லை, ஓட்டியவரை உயிரோடு வைத்திருந்தது. கடல்தகுதி என்பது கவிழாமை அன்று, கவிழ்ந்தபின்னும் மிதந்து நிமிர்ந்து மனிதரைக் காப்பதே என்று அதை வரையறுக்க இந்நிகழ்ச்சி இடம் தருகிறது. அதே அபிலாஷ், ஏறத்தாழ 7,600 கிலோ எடையுள்ள ரஸ்லர் 36 வகைப் படகான பயானத்தில் அடுத்த கோல்டன் குளோப் பந்தயத்தை ஓட்டி, 2023இல் இரண்டாம் இடம் பெற்றார்.

ஆனால் உருண்டு நிமிர்வது கடைசித் தேர்வு. அந்நிலைக்கு வராமல் விலகும் ஆற்றலே முதல் தேர்வு, அங்கேதான் திறனும் கடல்தகுதியும் ஒன்றாகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை வீசும்போது, இயற்கைத் துறைமுகம் அரிதான சோழமண்டலக் கரை முழுவதும் காற்று படகைத் தள்ளிச் செல்லும் பக்கத்துக் கரையாகிவிடுகிறது. கடலோர நீரோட்டமும் அக்காலத்தில் தெற்கு நோக்கி ஓடுகிறது. அங்கே ஒரு படகின் உயிர், காற்று வரும் திசையை நோக்கி அது எவ்வளவு முன்னேற முடியும் என்பதில் இருக்கிறது. 5 நாட் வேகத்தில் காற்றுக்கு 50 பாகை கோணத்தில் செல்லும் படகு, காற்றை நோக்கி மணிக்கு 3.2 மைல் முன்னேறும்; தளர்ந்த பாய், பாசியும் சிப்பியும் படிந்த அடிப்பகுதி, தளத்தின்மேல் கட்டிய சாமான்கள் ஆகியவற்றால் கோணம் 70 பாகையாகவும் வேகம் 4 நாட்டாகவும் ஆகிவிட்டால் முன்னேற்றம் 1.4 மைல் மட்டுமே. ஒரு நாட் எதிர்நீரோட்டம் இருந்தால் முதல் படகு கரையை விட்டு விலகும்; இரண்டாவது மணிக்கு அரை மைல்கூட விலகாது. பந்தயக்காரரின் ஆடம்பரம் என்று கருதப்படும் நல்ல பாய், இக்கரையில் உயிர்காப்புத் தெப்பத்துக்கு முன்னே எண்ணத் தக்க பாதுகாப்புக் கருவி.

தமிழர் கட்டி ஓட்டிய பெருங்கடல் பாய்க்கப்பல்களுள் வல்வெட்டித்துறையின் அன்னபூரணி, எடையின் இடத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியில் எண்ணத் தக்கது. வேப்ப மரத்தால் கட்டிய, சுமார் 89 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரக் கலமான இதை, 32 அடிப் படகில் முன்பே உலகைச் சுற்றியிருந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் வழியே ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். சரக்குக் கலத்தில் சரக்கே அடிப்பாரம் என்பதால், எதை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது, வெறுங்கலத்தில் கல்லும் மணலும் எவ்வளவு இடுவது என்ற தீர்மானம் ஒவ்வொரு பயணத்திலும் கலத்தின் தலைவரான தண்டையலின் பொறுப்பாக இருந்தது. வார்ப்புக் கீல் பொருத்திய இன்றைய படகில் அந்தப் பொறுப்பை வடிவமைப்பாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று உரிமையாளர்கள் நம்பிவிடுவதே பல கோளாறுகளுக்கு வேர்.

படகின் அசைவு மனிதரைத் தளர்த்துவதும் கடல்தகுதியில் சேரும். இலேசான, அகன்ற படகு வெடுக்கென நிமிர்ந்து உறக்கத்தையும் சமையலையும் கெடுக்கும். தளர்ந்த மனிதர் பாயைச் சுருக்க வேண்டிய நேரத்தில் சுருக்கமாட்டார். மாதேயின் உடன்பிறப்பான தாரிணி, மரத்தையும் கண்ணாடியிழையையும் அடுக்கி கோவாவில் கட்டப்பட்டு 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்த 23 டன் படகு. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளத்தின் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் இருவராகவே அதில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, ஃப்ரீமாண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக உலகைச் சுற்றி 2025 மே இறுதியில் திரும்பினர். இருவர் கையில் 23 டன் படகு நிற்க வேண்டுமென்றால், அசைவு மெதுவாக இருக்க வேண்டும்; பாய்கள் சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்க வேண்டும்; முடிவுகள் முன்கூட்டியே எடுக்கப்பட வேண்டும்.

ஆகவே ஒரு நெடும்பயணப் படகை மதிப்பிட வருபவர் விற்பனைத் தாளைப் படிப்பதற்கு முன் செய்யத் தக்கவை சில உண்டு. முதலில், அடிப்பகுதியின் வண்ணக் கோடு நீருக்கு எவ்வளவு மேலே தெரிகிறது, அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) சமமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சங்கிலி முழுவதும் அணியத்தில் குவிந்திருந்தால் படகு அலையில் தலையாட்டி வேகத்தை இழக்கும் என்பதால் அதை நடுப்பகுதிக்கு நகர்த்த வழி உண்டா என்று கேட்க வேண்டும். அடுத்து, அலையில்லாத துறையில் கயிறுகளைத் தளர்த்தி, விளிம்பை ஒரே சீராக அழுத்திவிட்டு, படகு ஒரு முறை ஆடித் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று அளக்க வேண்டும். சுமை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, நேரம் கணிசமாக நீண்டிருந்தால், எடை உயரத்திலோ ஓரங்களிலோ ஏறியிருக்கிறது என்று பொருள். பிறகு பாய்களைத் தரையில் விரித்துத் தையலை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் கணினியோ வாய்பாடோ வேண்டியதில்லை. விகிதங்கள் இரண்டு படகுகளுள் எதைச் சென்று பார்ப்பது என்று முடிவுசெய்ய உதவும். எந்தப் படகில் கடலுக்குப் போவது என்பதை, சுமை ஏற்றிய நிலையில் அப்படகை அளந்து பார்த்தவரே முடிவுசெய்ய முடியும்.